கழுத்தைத் திருப்பும் கலை

"ஏண்டி, மேடையில அத்தனை பேர் நிக்கிறீங்க. எல்லாத் தப்பையும் நீ ஒருத்தியே எப்படிடி பண்றே?" என்று அவளுடைய அக்கா ஒருநாள் கேட்டாள்.

அறியாமையில் பிறந்த கேள்வி. மருந்துக் கடையில் பில் போடுகிற அக்காவுக்குக் கலையின் நுட்பங்கள் தெரிந்திருக்க நியாயமில்லை. மனித நாகரிகத்தின் உச்சம் இசை. இசையின் உச்சம் மேடைக் கச்சேரி. மேடைக் கச்சேரியின் உச்சம், தப்பு நேர்ந்த அந்த நொடியில் கழுத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரிந்திருப்பது. குரல் தேனாக இருக்கலாம். விரல் மின்னலாக இருக்கலாம். கழுத்து சரியில்லை என்றால் அந்த ஆள் கலைஞனே இல்லை. வெறுமனே பாடத் தெரிந்த ஆள்.

இந்தக் கலையை அதன் முழுமைக்குக் கொண்டுபோன பெருமை "அகில உலக இன்னிசை அலைகள்" என்ற மெல்லிசைக் குழுவைச் சேரும். அகில உலகத்தில் எந்தெந்த நாட்டுக்குப் போனார்கள் என்று கேட்பது பண்பாகாது. டவுன் பஸ் போகிற இடமெல்லாம் போயிருக்கிறார்கள். உலகம் பெயரில் இருந்தால் போதும்.

அவள் அந்தக் குழுவில் கோரஸ் பாடினாள். "லா லா லா" வருகிற இடங்களும் "ஆ... ஆ..." வருகிற இடங்களும் அவளுடைய இலாகா. பெயர் என்று ஒன்று அவளுக்கு இருந்தது. அதைக் கேட்டு யாரும் அவளைத் தொந்தரவு செய்யவில்லை. "கோரஸ், டீ சொல்லிட்டு வா," "கோரஸ், அந்த ஒயரைச் சுத்தி வை" என்று உரிமையோடு கூப்பிட்டார்கள். அவளும் பேசுகிற ரகமில்லை. அறையில் ஆட்கள் இருந்தால், தும்மல் வந்தால்கூட வெளியே போய்த் தும்மிவிட்டு வருகிற பெண்.

சேர்ந்த அன்று தலைவர் அவளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது சுருதியை அல்ல.

"இதோ பாரும்மா. மேடைன்னா தப்பு வரத்தான் செய்யும். வந்தா என்ன பண்ணுவே?"

"உடனே சரியாப் பாடப் பாப்பேண்ணே."

தலைவர் வருத்தத்தோடு சிரித்தார். "அங்கதான் எல்லாரும் கெட்டுப் போறாங்க. சரியாப் பாட ஆரம்பிச்சா, இவ்வளவு நேரம் தப்பாப் பாடினேன்னு நீயே தண்டோரா போட்ட மாதிரி ஆயிடும். பக்கத்துல இருக்கிறவனைத் திரும்பிப் பாக்கணும். கோபமா இல்ல. கனிவா. 'பரவாயில்லப்பா, போகப் போகச் சரியாயிடும்'ங்கிற மாதிரி."

"அப்ப அவரு என்ன பண்ணுவாரு?"

"அவன் அவனுக்குப் பக்கத்துல இருக்கிறவனைப் பாப்பான். இதுக்குப் பேருதான் குழு உணர்வு."

மேடையில் யார் எங்கே நிற்பார்கள் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். முன்னால் நடுவில் தலைவர், பாட்டு அவர்தான். அவருக்குப் பின்னால் வலது கோடியில் கீபோர்டு அண்ணன். அவரை அடுத்து கிடார்காரர். அவரை அடுத்து டிரம்ஸ்காரர். இடது கோடியில் கோரஸ். கோரஸுக்கு அந்தப் பக்கம் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி. பெட்டிக்கு அந்தப் பக்கம் மேடையே கிடையாது.

"அண்ணே, எனக்குப் பக்கத்துல யாரும் இல்லையே," என்று அவள் கேட்டாள்.

"அதனாலதான் அந்த இடத்தை உனக்குக் குடுத்திருக்கோம்," என்றார் தலைவர். "எல்லாருக்கும் கிடைக்கிற இடமா அது?"

குழுவில் ஒவ்வொருவரும் தத்தம் துறையில் கரை கண்டவர்கள். தலைவருக்கு முதல் சரணம் மறந்துவிடும். இரண்டாவது சரணத்தையே இரண்டு முறை பாடி, இரண்டாவது முறை இன்னும் உருக்கமாகப் பாடுவார். பாடி முடித்ததும் திரும்பி, கீபோர்டு அண்ணனைக் கனிவாகப் பார்ப்பார். கீபோர்டு அண்ணனின் வாத்தியத்தில் சுருதியை ஏற்றி இறக்குகிற பொத்தான் ஒன்று ஓரமாக இருந்தது. உணர்ச்சிவசப்பட்டு அவர் முன்னால் சாயும்போதெல்லாம் அவருடைய தொப்பை அதை அமுக்கிவிடும். பாட்டு ஒரு வீட்டிலும் வாத்தியம் பக்கத்து வீட்டிலுமாகக் குடித்தனம் நடத்தும். அண்ணன் கிடார்காரரைப் பார்ப்பார். கிடார்காரர், ஒயரைச் செருகாமலே ஒரு முழுப் பாட்டைக் கண்ணை மூடி, உதட்டைக் கடித்து, உருகி உருகி வாசித்துத் தீர்த்த மகான். விஷயம் தெரிந்ததும் கண்ணைத் திறந்து டிரம்ஸைப் பார்த்தார். டிரம்ஸ்காரருக்குப் பாட்டு ஆரம்பிப்பது தெரியும், முடிவது தெரியாது. எல்லோரும் நிறுத்தி, கைதட்டு வாங்கி, வணக்கம் சொன்ன பிறகும் அவர் மட்டும் தனியாக வெற்றிநடை போட்டுக்கொண்டிருப்பார். சில நாள் கையிலிருந்த குச்சி பறந்து முன்வரிசைப் பிரமுகரின் மடியில் போய் உட்காரும். பிரமுகர் அண்ணாந்து பார்ப்பதற்குள் டிரம்ஸ்காரர் கோரஸைப் பார்த்துவிடுவார்.

கோரஸ் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்தாள்.

ஒரே ஒரு தடவைதான். மைக்செட்காரர் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்.

"என் பொட்டியை எதுக்கும்மா அப்படிப் பாக்கறே? பொட்டியில என்ன கோளாறு? பாட்டுல தப்புன்னா ஆளைப் பாரு. வாயில்லாத ஜீவனை ஏன் பாக்கறே?"

நியாயம்தானே? பெட்டிக்கும் மானம் உண்டு. அன்றிலிருந்து அவள் தரையைப் பார்த்தாள். தப்பு செய்தவர்கள்தான் தரையைப் பார்ப்பார்கள் என்பது உலகம் அறிந்தது. அதனால் சபையில் இருந்தவர்களுக்கும் சந்தேகம் தீர்ந்தது.

இவ்வளவு உயர்ந்த கலை வெறும் பழக்கமாகவே இருந்துவிட்டால் எப்படி? அதை விஞ்ஞானமாக்க ஒருவர் வந்தார். தலைவருடைய மனைவியின் தம்பி. ஏதோ ஓர் அலுவலகத்தில் வேலை. அங்கே என்ன வேலை என்று அலுவலகத்துக்கும் தெரியாது. நிர்வாகப் பயிற்சி முகாம்களுக்கு அவரைத் தவறாமல் அனுப்பி வைத்தார்கள், முகாம் நாட்களிலாவது மற்றவர்களுக்கு வேலை ஓடட்டும் என்று. குழுவுக்கு அவர் "நிர்வாக ஆலோசகர்" ஆனார். தலைவரின் மச்சான் என்பதால் எல்லோருக்கும் அவர் மச்சானே. அவள் மட்டும் "சார்" என்றாள். ஒரு பெண் ஒருவரை மச்சான் என்று கூப்பிட்டால் கேட்கிறவர்கள் வேறு கணக்குப் போடுவார்கள்.

ஒவ்வொரு கச்சேரிக்கும் மறுநாள் காலை "தர மேம்பாட்டு ஆய்வுக் கூட்டம்" என்று மச்சான் அறிவித்தார். சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேலே குழுவின் ஒத்திகை அறை. சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டியிருந்தார்கள். உள்ளே உட்கார்ந்தால் எல்லோரும் குஞ்சு பொரிக்கக் காத்திருப்பதுபோல இருக்கும்.

"தப்புன்னா என்ன?" என்று முதல் கூட்டத்தில் மச்சான் கேட்டார். பதிலையும் அவரே சொன்னார். "தப்புங்கிறது ஒரு நீரோட்டம். எங்க ஆரம்பிச்சுதுன்னு பாக்கறவன் பழைய காலத்து ஆளு. எங்க போய் நிக்குதுன்னு பாக்கறவன்தான் நிர்வாகி. மாமா, நேத்து உங்களுக்கு வரி மறந்துச்சே, நீங்க யாரைப் பாத்தீங்க?"

"கீபோர்டை."

"கீபோர்டு?"

"கிடாரை."

"கிடாரு?"

"டிரம்ஸைப் பாத்தேன் மச்சான்."

"டிரம்ஸ்?"

டிரம்ஸ்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். விலாவில் குத்தி எழுப்பியதும், கண்ணைத் திறக்காமலே கோரஸ் இருந்த பக்கம் கையை நீட்டிவிட்டு மறுபடியும் தூங்கினார்.

"கோரஸ், நீ யாரைப் பாத்தே?"

"தரையைப் பாத்தேன் சார்."

"மூல காரணம் கண்டுபிடிக்கப்பட்டது," என்றார் மச்சான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அவளுக்கும் கைதட்டத் தோன்றியது. அவ்வளவு தெளிவாக இருந்தது.

இத்தனைக்கும் அவள் ஏன் அங்கே ஒட்டிக்கொண்டிருந்தாள் என்று கேட்கலாம். அக்காவும் கேட்டாள். காரணம் ஒரு பாட்டு. தாலாட்டுபோல மெல்லப் போய், சரணத்தில் சட்டென்று மேலே ஏறி, அங்கே ஒரு மூச்சு நின்று, படி படியாக இறங்குகிற பாட்டு. அதை ஒரு தடவை, மேடையின் முன்னால் நடுவில் நின்று, முழுசாக, "லா லா" இல்லாமல், வார்த்தைகளோடு பாட வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டும். வீட்டில் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு பாடிப் பார்ப்பாள்.

"பாடறதுன்னா பாடு, குழாயை மூடிட்டுப் பாடு," என்று அக்கா கதவைத் தட்டுவாள். "தண்ணியும் போகுது, பாட்டும் கேக்கல. ரெண்டும் நஷ்டம்."

தலைவர் பெரிய மனதுக்காரர். "ஒரே ஒரு கச்சேரி, உன் பேர்ல தப்பு இல்லாம முடியட்டும்மா. அடுத்த கச்சேரியில தனிப்பாட்டு உனக்குத்தான்," என்று வாக்குக் கொடுத்திருந்தார். அவள் ஒவ்வொரு கச்சேரியிலும் தப்பில்லாமல் பாடினாள். ஒவ்வொரு கச்சேரியிலும் நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வாக்கு மட்டும் புத்தம்புதிதாக அப்படியே இருந்தது. தலைவர் அதை உபயோகித்துக் கெடுக்கவே இல்லை.

அப்போதுதான் திருகாணிக் கம்பெனியின் ஆண்டு விழா வந்தது.

திருகாணிகளையும் மரைகளையும் மலைமலையாகச் செய்து குவிக்கிற கம்பெனி. தொழிற்சாலைக்குள்ளேயே பெரிய கூடம். தொழிலாளர்களும் அவர்கள் குடும்பமும் வந்து நிறைந்திருந்தார்கள். மச்சான் இந்தக் கச்சேரிக்காக ஒரு நவீன ஏற்பாடு செய்திருந்தார். மேடைக்குப் பக்கத்தில் சுவர் அளவுக்கு ஒரு திரை. மேடையில் ஒரு கேமராக்காரர்.

"இந்தக் காலத்துல ஜனங்க கண்ணு முன்னால நடக்கிறதைக்கூட திரையில பாத்தாத்தான் நம்பறாங்க மாமா," என்றார் மச்சான்.

கேமராக்காரர் நல்ல தொழில்காரர். மேடையில் இருப்பவர்கள் எல்லோரும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கம்தான் முக்கியமான ஆள் இருப்பார் என்பது அவர் எத்தனையோ மேடைகளில் கற்ற பாடம்.

தலைவர் மைக்கைப் பிடித்தார். "இந்த இனிய மாலைப் பொழுதில் இங்கே கூடியிருக்கும் ஆணிக் கம்பெனிக் குடும்பத்தினர் அனைவருக்கும் வணக்கம்."

கூடம் விறைத்தது. ஆணிக் கம்பெனியில் பாடியது போன வாரம். திருகாணிக்காரர்களை ஆணிக்காரர்கள் என்பதைவிட மோசமான வசவு அந்தத் தொழிலில் கிடையாது. ஆணி என்பது தலையில் அடித்தால் உள்ளே போகிற ஜாதி, திருகாணி அப்படியா? தலைவர் பதறவில்லை. திரும்பிக் கீபோர்டைக் கனிவோடு பார்த்தார். கீபோர்டு கிடாரை. கிடார் டிரம்ஸை. டிரம்ஸ் கோரஸை. கேமராவும் அந்த வழியே போய்க் கோரஸிடம் நின்றது. சுவர் அளவுத் திரையில், சுவர் அளவுக்கு, தலை குனிந்த ஒரு பெண்ணின் முகம்.

"யாரு அந்தம்மா?" என்று முன்வரிசையில் யாரோ கேட்டார்கள்.

முதல் பாட்டில் தொப்பை பொத்தானை அமுக்கியது. பார்வை புறப்பட்டது, திரையில் கோரஸ். அடுத்த பாட்டில் டிரம்ஸ்காரர் வேறொரு பாட்டுக்கான தாளத்தை ஆரம்பித்து, மற்றவர்கள் வேறு பாட்டை ஆரம்பித்து, நடுவழியில் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து மூன்றாவது ஒரு பாட்டில் போய்ச் சேர்ந்தார்கள். திரையில் கோரஸ். அதற்குள் சபைக்குப் பழகிவிட்டது. மேடையில் ஏதாவது சறுக்கினால், ஜனங்கள் மேடையை விட்டுவிட்டுத் திரையைப் பார்த்தார்கள்.

நடுவில், கம்பெனியைத் தொடங்கி வைத்து மறைந்த பெரிய முதலாளிக்காகக் கொஞ்ச நேரம் மௌன அஞ்சலி. கூடமே எழுந்து நின்றது. எங்கோ ஒரு குழந்தை சிணுங்கி அடங்கியது. கீபோர்டு அண்ணன் மரியாதையாகக் குனிந்தார். மரியாதை கொஞ்சம் அதிகமாகிவிட்டது. இந்தத் தடவை தொப்பை வேறொரு பொத்தானில் பட்டது. கடைக்கு வருகிறவர்களை மயக்குவதற்காக வாத்தியம் செய்தவர்கள் உள்ளேயே போட்டு வைத்திருந்த ஆட்டமெட்டு, விசில் சத்தத்தோடும் கைதட்டலோடும் வெடித்துக் கிளம்பியது. நிறுத்துகிற பொத்தானை அண்ணன் தேடினார். கிடைத்த பொத்தானையெல்லாம் அமுக்கினார். மெட்டு இன்னும் வேகமானது, யானை பிளிறியது, ரயில் கூவியது. நாலு கழுத்துகளும் இதுவரை இல்லாத வேகத்தில் திரும்பின. திரையில், அந்தக் கும்மாளத்தின் நடுவே, அசையாமல், தலை குனிந்து நின்றாள் கோரஸ். தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்று அவள் அப்போது நினைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தவர்களுக்கு அது ஆழ்ந்த அஞ்சலியாகத் தெரிந்தது.

மெட்டு ஒரு வழியாக நின்றதும் முதலாளியம்மா மேடையேறினார். பெரிய முதலாளியின் மகள். கையில் பூங்கொத்து. தலைவர் இரண்டு கையையும் நீட்டினார். முதலாளியம்மா அவரைத் தாண்டிப் போனார். கீபோர்டையும் கிடாரையும் டிரம்ஸையும் தாண்டி, ஸ்பீக்கர் பெட்டியின் ஓரத்துக்குப் போய், பூங்கொத்தைக் கோரஸின் கையில் வைத்தார்.

"நீங்கதான் இவங்களுக்கெல்லாம் வாத்தியார்னு பாத்த உடனே தெரிஞ்சுக்கிட்டேன்," என்றார். "ஒரு தப்பு நடந்தா போதும், எல்லாரும் உங்களைத்தான் பயந்து பயந்து பாக்கறாங்க. நீங்க ஒரு தடவைகூட முறைக்கல. உங்க தப்பு மாதிரி நீங்கதான் தலையைக் குனிஞ்சுக்கிட்டீங்க. எங்க மேனேஜருங்க இதைக் கத்துக்கணும். அப்பாவுக்கு அழுதா பிடிக்காது. அது எப்படியோ தெரிஞ்சு ஆட்டப் பாட்டா வச்சீங்க பாருங்க..." அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீங்க ஒரு பாட்டுப் பாடணும்."

தலைவர் முந்திக்கொண்டார்.

"அது வந்து மேடம், அவங்க பொதுவா... எங்க விதிமுறைப்படி..."

"பாடச் சொல்லுங்க," என்றது முன்வரிசை. "வாத்தியாரம்மா பாடட்டும்," என்றது பின்வரிசை. மேடை ஓரத்தில் மச்சான் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். யாரோ பழக்கமானவர் கையசைக்கிறார் என்று கூட்டத்தில் சிலர் பதிலுக்கு ஆட்டினார்கள்.

தலைவர் மைக்கில், "அடுத்ததாக, எங்கள் குழுவின்... எங்கள் குழுவின் அன்புக்குரிய..." என்று பெயருக்காகத் தடவினார். கிடைக்கவில்லை. "...கோரஸ் அவர்கள்," என்றார்.

அவள் முன்னால் வந்தாள். பெட்டியிலிருந்து மேடையின் நடுவுக்கு அவ்வளவு தூரம் இருக்கும் என்று அவள் நினைத்ததில்லை. பூங்கொத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்குளில் இடுக்கிக்கொண்டாள். பாட்டின் பெயரைச் சொன்னாள். கீபோர்டு அண்ணன், ஆச்சரியம்தான், சரியான சுருதியைப் பிடித்தார்.

அவள் பல்லவியைப் பாடாமல் நேராகச் சரணத்தைப் பாடினாள். அதுவும் நடுச் சரணம். எடுத்த எடுப்பிலேயே உச்சிக்குப் போய், குரல் அங்கே கிறீச்சிட்டு நின்றது. பூனையின் வாலை மிதித்ததுபோல ஒரு சத்தம் கூடத்தின் கூரை வரை போய்த் திரும்பி வந்தது.

குழுவில் சேர்ந்த நாளிலிருந்து அவள் செய்த முதல் தப்பு.

பின்னால் நாலு முகங்களிலும் நிம்மதி பரவியது. எத்தனை காலமாக எதிர்பார்த்தது. இப்போது அவள் முறை. அவளுக்கும் இப்போது பக்கத்தில் ஆள் இருந்தது. தலைவர் கைக்கெட்டும் தூரத்தில் நின்றார். அவள் கழுத்து மெல்ல அந்தப் பக்கம் அசைந்தது. தலைவர் அதைப் பார்த்துவிட்டார். அனுபவஸ்தர், அவள் திரும்பி முடிப்பதற்கு முன்பே கீபோர்டைத் திரும்பிப் பார்த்துத் தயாரானார். கீபோர்டு முன்கூட்டியே கிடாரைப் பார்த்தது. கிடார் டிரம்ஸை. டிரம்ஸ்காரர் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பினார்; அங்கே ஸ்பீக்கர் பெட்டி மட்டும் இருந்தது. கூடத்தின் பின்னாலிருந்து மைக்செட்காரர், "யோவ்," என்றார்.

அவள் கழுத்தைப் பழையபடி முன்னால் கொண்டுவந்தாள். மைக்கை வாயருகே பிடித்தாள்.

"தப்பு என்னுது," என்றாள். "முதல்லேருந்து பாடறேன்."

கூடத்தில் ஒரு கணம் சத்தமே இல்லை. மௌன அஞ்சலியின்போதுகூட இல்லாத மௌனம். பிறகு யாரோ சிரித்தார்கள், கேலியாக அல்ல. யாரோ கைதட்டினார்கள். "அதனால என்னம்மா, பாடு," என்றது ஒரு பெண் குரல்.

அவள் பாடினாள். பல்லவி, பிறகு சரணம், உச்சியில் ஒரு மூச்சு, படி படியாக இறக்கம். இயந்திரங்களின் இரைச்சலிலேயே பகலெல்லாம் நிற்கிறவர்கள், காது கேட்பது ஓர் இன்பம் என்பதை நினைவுபடுத்திக்கொண்டதுபோல உட்கார்ந்திருந்தார்கள். டிரம்ஸ்காரர்கூடப் பாட்டு முடிந்த இடத்தில் முடித்தார். எப்படி என்று அவருக்கே தெரியவில்லை.

வீட்டுக்குப் போனதும் அக்கா பூங்கொத்தை வாங்கிக் குடத்தில் வைத்தாள். "இன்னிக்கு என்ன தப்பு பண்ணினே?" என்று கேட்டாள்.

"ஒண்ணு பண்ணினேன்," என்றாள் இவள். சொல்லும்போது சிரிப்பு வந்தது.

மறுநாள் காலை ஆய்வுக் கூட்டம் கூடியது. கலை உலகம் இதுவரை காணாத நெருக்கடி. முட்டை அட்டைகளும் கவலையோடு இருந்தன.

"நேத்துக் கச்சேரியில நடந்த தப்பு ஒண்ணே ஒண்ணுதான்," என்று மச்சான் ஆரம்பித்தார்.

கீபோர்டு அண்ணன் நெளிந்தார். "அந்த மௌன அஞ்சலி நேரத்துல என்..."

"அது அஞ்சலி. முதலாளியம்மாவே கண்ணைத் துடைச்சாங்க. அதைப் போய்த் தப்புங்கறீங்களே, மனசாட்சி வேணாமாண்ணே?"

"நான் ஆணின்னு சொன்னது?" என்றார் தலைவர்.

"யாராவது தப்புன்னு ஒத்துக்கிட்டாங்களா மாமா?"

"இல்லையே."

"அப்ப அது தப்பு இல்ல. கருத்து. ஒத்துக்கிட்டது ஒருத்தர்தான். அதுவும் மைக்ல, ஊரைக் கூட்டி வச்சு."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் கதவோரம் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

தலைவரின் குரல் தழுதழுத்தது. "இத்தனை வருஷத்துல இந்தக் குழுவுல ஒருத்தர் வாயிலேருந்தும் அந்த வார்த்தை வந்ததில்லைம்மா. தப்புன்னு ஒண்ணு இருக்குன்னே ஜனங்களுக்குத் தெரியாம வச்சிருந்தோம். நீ காட்டிக் குடுத்துட்டே. இனிமே தேட ஆரம்பிப்பாங்க."

"ஒத்துக்கிட்டது தப்புன்னு ஒத்துக்கச் சொல்லுங்க, முடிஞ்சுது," என்றார் கீபோர்டு அண்ணன்.

கிடார்காரர் யோசித்தார். "அப்படி ஒத்துக்கிட்டா மறுபடியும் ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா?"

"சரி, ஒத்துக்கவே இல்லேன்னு சொல்லட்டும்."

"அது பொய்யாச்சே."

"பொய் சொல்றது தப்பு இல்லப்பா. ஒத்துக்கிட்டாத்தான் தப்பு. இப்பத்தானே மச்சான் சொன்னாரு."

"டீ வந்துடுச்சா?" என்று டிரம்ஸ்காரர் விழித்துக் கேட்டுவிட்டு, வரவில்லை என்றதும் தூங்கினார்.

மச்சான் கையை உயர்த்தினார். "தண்டனை வேணாம். திருகாணிக் கம்பெனியிலேருந்து காலையிலேயே போன் வந்துடுச்சு. அடுத்த விழாவுக்கும் நாமதான். ஆனா அந்த வாத்தியாரம்மா பாடினாத்தான் கச்சேரியாம். அதனால இவங்களுக்குப் பதவி உயர்வு."

அவள் நிமிர்ந்தாள்.

"இனி ஒவ்வொரு கச்சேரியிலும் உனக்குத் தனிப்பாட்டு," என்றார் தலைவர். "நடுவுல நின்னு பாடலாம். அந்தப் பாட்டையே பாடு, எவ்வளவு தடவை வேணும்னாலும். ஒண்ணே ஒண்ணுதான் நாங்க கேக்கறோம். இனிமே அந்த மாதிரி மைக்ல பேசக் கூடாது. எல்லாரையும் போலக் கழுத்தைத் திருப்பணும்."

"எந்தப் பக்கம்ணே?" என்றாள்.

"அதுக்குத்தானே ஏற்பாடு பண்ணியிருக்கோம்," என்று மச்சான் கதவைத் திறந்தார்.

வெளியே படியில் ஒரு பெண் காத்துக்கொண்டிருந்தாள். தலைவருடைய பெரியம்மா மகளின் நாத்தனார். நன்றாகப் பாடுவாள் என்று கேள்விப்பட்டு வரச் சொல்லியிருந்தார்கள். கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். எல்லோருக்கும் தனித்தனியாக வணக்கம் சொன்னாள். தூங்குகிற டிரம்ஸ்காரருக்கும் சொன்னாள்.

"புது கோரஸ்," என்றார் மச்சான். "பெட்டிக்குப் பக்கத்து இடம் இவங்களுக்கு. உங்களுக்கு அடுத்த ஆளு. எங்க, ஒரு தடவை பாத்துடலாம். மாமா, ஆரம்பிங்க."

டிரம்ஸ்காரரை எழுப்பினார்கள். எல்லோரும் வரிசையாக நின்றார்கள். சுவரோரம், பெட்டி இருக்க வேண்டிய இடத்தை ஒட்டி, புது கோரஸ் நின்றாள். தலைவர் பாடினார், முதல் சரணம் வந்த இடத்தில் இரண்டாம் சரணத்தைப் பாடினார். ஒத்திகைக்காக வேண்டுமென்று செய்ததாகத்தான் இருக்க வேண்டும். கனிவாகக் கீபோர்டைப் பார்த்தார். கீபோர்டு அண்ணன் கிடாரைப் பார்த்தார். கிடார் டிரம்ஸை. டிரம்ஸ் அவளை. பிறகு நாலு பேரும் மச்சானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவள் முன் அந்தப் பாட்டு முழுவதும் இருந்தது. இனி எல்லா மேடையிலும், நடுவில், வார்த்தைகளோடு. ஒரு சின்ன அசைவு போதும்.

பக்கத்தில் புது கோரஸ், ஏதோ தன்னைக் கேட்கப் போகிறார்கள் என்று மட்டும் புரிந்துகொண்டு, தனக்கு அந்தப் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தாள். முட்டை அட்டைதான் இருந்தது. அவள் அவசரமாகத் தரையைப் பார்த்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே.

"திருப்பும்மா," என்றார் தலைவர், அன்பாக.

இவ்வளவு பெரிய குழுவில் இவ்வளவு காலம் இருந்தும் அவளுக்குக் கலை படியவில்லை என்பதை இங்கே வருத்தத்தோடு சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. கழுத்தை மட்டும் திருப்ப வேண்டிய இடத்தில், நுணுக்கம் தெரியாமல், உடம்பு முழுவதையும் திருப்பிவிட்டாள். கதவு திறந்தே இருந்தது. படியிறங்கிப் போனாள்.